பல் வலிக்குப் போனார்கள், உயிர் போனது! நாற்காலியில் உட்காரும் முன்பு உஷார்!

"பல் வலிதானே! தெருக்கோடியில் காட்டிவிட்டு அப்படியே ஆபீசுக்குப் போய்விடலாம்" என்று கிளம்புகிறவரா நீங்கள்? வாணியம்பாடியில் நடந்ததைப் படித்துவிட்டுக் கிளம்புங்கள்.

திருப்பத்தூர் மாவட்டம் வாணியம்பாடியில் ஒரு பல் கிளினிக். 2022-23-ல் அங்கே சிகிச்சை பெற்ற 10 பேரை, மூளையைத் தாக்கும் ஒரு பயங்கர நோய் பிடித்தது. காய்ச்சல், தலைவலி என்று ஆரம்பித்தது. பேச்சு குழறியது. பார்வை மங்கியது. முகம் கோணிக்கொண்டது. 10 பேரில் 8 பேர் பரிதாபமாக இறந்துபோனார்கள்.

பாட்டிலில் இருந்த எமன்

வேலூர் சி.எம்.சி. டாக்டர்களும் சுகாதாரத் துறையினரும் துப்பு துலக்கினார்கள். குற்றவாளி அகப்பட்டான். அவன் ஒளிந்திருந்த இடம், வாயைக் கழுவ உபயோகித்த சலைன் பாட்டில்!

ஈறை விலக்கும் கருவியாலேயே அந்த பாட்டிலைத் திறந்திருக்கிறார்கள். பிறகு பஞ்சை வைத்து லேசாக மூடிவிட்டு, அடுத்து வந்தவருக்கும் அதே சலைன். அதற்கு அடுத்தவருக்கும் அதே சலைன். மண்ணிலும் தண்ணீரிலும் வாழும் ஒரு கிருமி அதில் குடியேறிவிட்டது. இந்த ஆராய்ச்சி முடிவு 2025-ல் மருத்துவ இதழில் வெளியாகி எல்லோரையும் உலுக்கியது.

அது நடைபாதைக் கடை அல்ல. போர்டு மாட்டிய கிளினிக். ஆகவே போர்டை மட்டும் பார்த்து வாயைத் திறந்துவிடாதீர்கள்.

என்ன கேட்க வேண்டும்?

"டாக்டரிடம் போய் கேள்வி கேட்பதா?" என்று கூச்சப்பட வேண்டாம். காசு கொடுப்பது நீங்கள். வாயும் உங்களுடையது.

* கருவிகள் மூடி ஒட்டிய உறையில் இருக்கிறதா? அதை உங்கள் கண் முன்னால் பிரிக்கிறார்களா? வெந்நீரில் அலசினால் கிருமி சாகாது. ஆட்டோகிளேவ் என்ற நீராவி எந்திரத்தில் 121 டிகிரி சூட்டில், அழுத்தத்தில் வைத்து எடுக்க வேண்டும்.

* ஊசி புதிதா? கையுறை புதிதா? முந்தைய நோயாளிக்குப் போட்ட கையுறையோடு உங்கள் வாயில் கை வைத்தால் தடுத்துவிடுங்கள். மஞ்சள் காமாலை வைரஸ்கூட இப்படித் தொற்றலாம்.

* சலைன் பாட்டில் புதிதாகத் திறக்கப்பட்டதா?

* டாக்டரின் பதிவு எண் என்ன? பல் டாக்டர்கள் கவுன்சிலில் பதிவு செய்யாமல் தொழில் செய்வது குற்றம். 1948-ம் ஆண்டிலேயே இதற்குச் சட்டம் வந்துவிட்டது.

நீங்களும் எதையும் மறைக்கக்கூடாது. சர்க்கரை, ரத்த அழுத்தம், இருதயக் கோளாறு, கர்ப்பம், ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரை எல்லாவற்றையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். அந்த மாத்திரையை நீங்களாக நிறுத்துவதும் ஆபத்து.

அரை மணியில் பல் கட்டும் ஆசாமிகள்

"பிடுங்க வேண்டாம், வலி இல்லை, அரை மணியில் புதுப் பல்" என்று சொல்லும் ஆசாமிகள் இன்னும் இருக்கிறார்கள். பிளாஸ்டிக் மாவைக் குழைத்து, பக்கத்துப் பல்லோடு சேர்த்து ஒட்டிவிடுவார்கள். சில சமயம் கம்பியும் கட்டுவார்கள். பார்க்க ஜோராக இருக்கும். கழற்றிக் கழுவ முடியாது. அடியில் சோறு தங்கும், ஈறு அழுகும், நன்றாக இருந்த பக்கத்துப் பல்லும் ஆட ஆரம்பிக்கும். ஒரு பல் கட்டப் போனவர் மூன்று பல்லை இழந்து நிற்பார்.

வெள்ளைப் பல் மோகம்

கல்யாணம் நிச்சயமானதும் "பல்லை வெள்ளையாக்க வேண்டும்" என்று ஓடுகிறார்கள். எலுமிச்சம்பழம், உப்பு, கரித்தூள் போட்டுத் தேய்க்கிறார்கள். பல்லின் மேல் இருக்கும் எனாமல் தேய்ந்தால் திரும்ப வளராது. அது தேய்ந்ததும் உள்ளே இருக்கும் மஞ்சள் பகுதி இன்னும் அதிகமாகத் தெரியும். காசு கொடுத்து அழுக்கு வாங்கிய கதைதான்!

பல் டாக்டர் செய்யும் 'பிளீச்சிங்' வேறு. கொஞ்ச நாள் பல் கூசலாம். ஏற்கனவே போட்ட 'கேப்' நிறம் மாறாது. முதலில் பல்லைச் சுத்தம் செய்து பாருங்கள். வெற்றிலை, டீ, சிகரெட் கறை அதிலேயே பெரும்பாலும் போய்விடும்.

"சுத்தம் செய்தால் பல் ஆடும்" என்பது கட்டுக்கதை. பல்லைச் சுற்றி இருந்த காரை போனதும் இடைவெளி தெரிகிறது, அவ்வளவுதான். "மேல் பல்லைப் பிடுங்கினால் கண் போகும்" என்பதும் புளுகு.

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் பலருக்குப் பல்லில் பழுப்புக் கறை இருக்கும். அது தண்ணீரில் இருக்கும் அதிக புளோரைடு செய்யும் வேலை. எவ்வளவு தேய்த்தாலும் போகாது. டாக்டரிடம்தான் போக வேண்டும்.

அழகுக்காக நல்ல பல்லை அராவி 'கேப்' போட யாராவது சொன்னால் இரண்டு டாக்டரிடம் கேளுங்கள். அராவிய பல் திரும்ப வராது.

குழந்தைக்கு 6 வயதா?

இங்கேதான் பல தாய்மார்கள் ஏமாறுகிறார்கள். 6 வயதில் பால் பற்களுக்குப் பின்னால் ஒரு கடைவாய்ப்பல் முளைக்கும். "விழுந்து முளைக்கும் பல்தானே" என்று சொத்தையை விட்டுவிடுகிறார்கள். அது விழாது. ஆயுளுக்கும் அதே பல்தான்.

பள்ளிக்கூடத்தில் விழுந்து முன்பல் முழுசாகத் தெறித்துவிட்டதா? நிலைத்த பல்லாக இருந்தால் வேரைத் தொடாமல் எடுத்து, பாலில் போட்டு, அரை மணிக்குள் டாக்டரிடம் ஓடுங்கள். திரும்பப் பொருத்த வாய்ப்பு இருக்கிறது.

வலிக்கிற பல்லில் புகையிலை வைப்பது, மாத்திரையைப் பொடித்து வைப்பது வேண்டாம். ஈறு வெந்துவிடும். தாடைக்கு அடியில் வீங்கி, வாய் திறக்க முடியாமல், எச்சில் விழுங்க முடியாமல் போனால் தாமதம் கூடாது. மூச்சுக்குழாய் அடைத்துக்கொள்ளும். ராத்திரியானாலும் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.

காசு இல்லையே என்கிறீர்களா?

சென்னை கோட்டை ரெயில் நிலையம் எதிரே அரசு பல் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது. 1953-ல் ஆரம்பித்தது. மின்சார ரெயிலில் வருகிறவர்கள் இறங்கி நடந்தே போகலாம். காலையில் சீக்கிரம் போய் சீட்டு வாங்கினால் சீக்கிரம் வேலை முடியும். கூட்டம் இருக்கத்தான் செய்யும். ஒரு நாள் லீவு போட்டாலும் பரவாயில்லை.

காலையில் ஒரு தடவை, படுக்கும் முன்பு ஒரு தடவை புளோரைடு பேஸ்ட்டில் பல் தேயுங்கள். 3 வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு அரிசி அளவு பேஸ்ட், 6 வயது வரை பட்டாணி அளவு போதும். இதற்கு ஆகும் செலவு ஒரு டீ காசுகூட இல்லை.