“நான் வைரஸா?” என்று கேட்கும் நிரல்

68 எழுத்துகளும் குறிகளும் கொண்ட ஒரு வரி இருக்கிறது. அதை நோட்பேடில் தட்டிச் சேமித்தால் போதும், கணினியில் உள்ள ஆன்ட்டிவைரஸ் உடனே எச்சரிக்கை காட்டும். அந்த ஃபைலைப் பிடித்துத் தனியாக அடைத்தும் வைத்துவிடும். உண்மையில் அந்த வரியால் யாருக்கும் எந்தக் கெடுதலும் கிடையாது. ஆன்ட்டிவைரஸ் விழித்திருக்கிறதா என்று சோதித்துப் பார்ப்பதற்காகவே ஐக்கார் என்ற ஐரோப்பிய அமைப்பு அதை உருவாக்கியது. நடுவில் ஒரே ஓர் எழுத்தை மாற்றிவிட்டுச் சேமியுங்கள். பெரும்பாலும் எந்த எச்சரிக்கையும் வராது.

ஏன் வராது? ஆன்ட்டிவைரஸிடம் ஒரு பெரிய பட்டியல் இருக்கிறது. ஏற்கெனவே பிடிபட்ட வைரஸ்களின் அடையாளங்கள் அதில் இருக்கும். புதிதாக ஒரு ஃபைல் வந்தால், பட்டியலில் உள்ள ஏதாவது ஓர் அடையாளம் அதில் தெரிகிறதா என்று அது பார்க்கிறது. வைரஸ் எழுதுபவர்களும் இதைக் கண்டுகொண்டார்கள். ஒவ்வொரு முறை பரவும்போதும் தன் உருவத்தைத் தானே மாற்றிக்கொள்ளும் வைரஸ்களை எழுதத் தொடங்கினார்கள். பட்டியல் மட்டும் இருந்தால் இவற்றைப் பிடிக்க முடியாது.

அதனால் இன்றைய ஆன்ட்டிவைரஸ் நடத்தையையும் கவனிக்கிறது. இப்போதுதான் திறந்த ஒரு நிரல், உங்கள் போட்டோக்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பூட்டிக்கொண்டே போகிறது என்றால், அதன் பெயர் பட்டியலில் இல்லாவிட்டாலும் நிறுத்திவிடும். ஆனால் போட்டோக்களைப் பாதுகாப்பாகப் பிரதி எடுக்கும் நல்ல நிரலும் எல்லா ஃபைல்களையும் வரிசையாகத் திறக்கத்தானே செய்யும்? இரண்டையும் பிரித்தறிவதில் ஆன்ட்டிவைரஸ் சில நேரம் தடுமாறும்.

சரி, எந்த வைரஸையும் தவறவிடாத, எந்த நல்ல நிரலையும் சந்தேகிக்காத ஓர் ஆன்ட்டிவைரஸை யாராவது ஒருநாள் உருவாக்கிவிட மாட்டார்களா? முடியாது என்று கணக்குப் போட்டே நிரூபித்துவிட்டார் ஃப்ரெட் கோஹன். 1983இல் தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்தபோது, தானே ஒரு வைரஸ் எழுதிச் சோதனை செய்து காட்டியவர் அவர். அவருடைய நிரூபணம் எனக்கு மிகவும் பிடித்தமானது. தாளும் பேனாவும் இருந்தால் நீங்களே செய்து பார்க்கலாம்.

ஒருபோதும் தவறாத அந்த ஆன்ட்டிவைரஸுக்கு “மேதை” என்று பெயர் வைப்போம். இப்போது நான் ஒரு சின்ன நிரல் எழுதுகிறேன். அது முதலில் மேதையிடம் போய், “நான் வைரஸா?” என்று கேட்கும். மேதை “ஆமாம்” என்றால், என் நிரல் எதுவும் செய்யாமல் சும்மா இருந்துவிடும். சும்மா இருப்பது எப்படி வைரஸ் ஆகும்? ஆகவே மேதை சொன்னது தவறு. மேதை “இல்லை” என்றால், என் நிரல் உடனே மற்ற ஃபைல்களில் புகுந்து பரவத் தொடங்கும். இப்போதும் மேதை சொன்னது தவறு. எந்தப் பதில் சொன்னாலும் மேதை தோற்றுப்போகிறது. அப்படியென்றால் ஒருபோதும் தவறாத மேதை என்று ஒன்று இருக்கவே முடியாது. 1936இல் ஆலன் டூரிங் கணக்கிடும் எந்திரங்களைப் பற்றி நிரூபித்த ஒன்றும் இதே வகையைச் சேர்ந்ததுதான்.

ஆகவே “நூறு சதவீதம் பாதுகாப்பு” என்று எந்த டப்பாவில் அச்சிட்டிருந்தாலும் நம்பாதீர்கள். கடையில் அப்பாவோ அம்மாவோ அதைக் கையில் எடுத்தால், கோஹனின் நிரூபணத்தைச் சொல்லிக் காட்டுங்கள்.

தவறாத ஆன்ட்டிவைரஸ் கிடையாது என்பதால் அப்டேட் மிகவும் முக்கியமாகிறது. 2017 மே 12 அன்று வானாக்ரை என்ற வைரஸ் உலகம் முழுக்கப் பரவியது. சுமார் 150 நாடுகளில் கணினிகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது. பிரிட்டனில் மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்ப நேர்ந்தது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் விண்டோஸ் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச் மாதமே கொடுத்திருந்தது. அதைப் போட்டிருந்த கணினிகளுக்குள் அந்த ஓட்டை வழியாக வைரஸால் நுழைய முடியவில்லை.

எந்த ஆன்ட்டிவைரஸ் வாங்கலாம் என்று கேட்கும் முன், ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று பாருங்கள். 2012இல் விண்டோஸ் 8 வந்ததிலிருந்து, டிஃபெண்டர் என்ற ஆன்ட்டிவைரஸ் விண்டோஸோடு சேர்ந்தே வருகிறது. பள்ளிப் பாடம், விளையாட்டு, அம்மாவின் வங்கிக் கணக்கு என்று இருக்கும் ஒரு வீட்டுக்கு அதுவே போதும் என்பது என் கருத்து. காசு கொடுத்து வாங்குவதென்றால் சென்னையின் கே7, புனேயின் குவிக் ஹீல் என்று நம் நாட்டிலேயே நிறுவனங்கள் உண்டு. ஜெர்மனியின் ஏவி-டெஸ்ட், ஆஸ்திரியாவின் ஏவி-கம்பேரட்டிவ்ஸ் ஆகிய சோதனைக்கூடங்கள் பல ஆன்ட்டிவைரஸ்களைப் பரிசோதித்து முடிவுகளை வெளியிடுகின்றன. எத்தனை வைரஸைப் பிடித்தது என்பதோடு, எத்தனை நல்ல ஃபைலைத் தவறாகப் பிடித்தது என்பதையும் அங்கே பாருங்கள். இரண்டு ஆன்ட்டிவைரஸ்களை ஒன்றாக ஓட விடாதீர்கள். ஒரே ஃபைலை இரண்டும் பிடித்து இழுக்க, கணினி திணறிப்போகும்.

இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: அந்த நிரலை எழுதியவர் யார்? ஆன்ட்டிவைரஸ் வேலை செய்ய வேண்டுமென்றால் உங்கள் எல்லா ஃபைல்களையும் படிக்க அனுமதி வேண்டும், கணினியின் ஆழத்தில் இடம் வேண்டும். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஓர் அப்டேட்டில் பிழை இருந்தது. சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கின. நம் நாட்டு விமான நிலையங்களில்கூடச் சிலருக்கு போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். அது தெரியாமல் நடந்தது. ஆனால் அவாஸ்ட் நிறுவனம், தன்னை நம்பியவர்கள் எந்தெந்த இணையதளங்களைப் பார்த்தார்கள் என்ற விவரங்களைத் துணை நிறுவனம் ஒன்றின் வழியாக விற்றது என்று அமெரிக்காவின் வணிக ஆணையம் குற்றம் சாட்டியது. 2024இல் 1 கோடியே 65 லட்சம் டாலர் கட்ட வேண்டியதாயிற்று.

இதே கேள்வியை விபிஎன் விஷயத்தில் இன்னும் அழுத்தமாகக் கேட்க வேண்டும்.

உங்கள் நண்பனுக்கு ஒரு கடிதம் எழுதி உறையில் போடுகிறீர்கள். அந்த உறையை இன்னொரு பெரிய உறைக்குள் போட்டு, பக்கத்து ஊர் மாமாவின் முகவரி எழுதி அனுப்புகிறீர்கள். மாமா பெரிய உறையைப் பிரித்து, உள்ளே இருப்பதை நண்பனுக்கு அனுப்பிவைக்கிறார். உங்கள் ஊர் தபால்காரருக்கு, நீங்கள் மாமாவுக்கு எழுதியது மட்டும்தான் தெரியும். விபிஎன் செய்வது இதுதான். இணைய இணைப்புக் கொடுக்கும் நிறுவனத்துக்கு, நீங்கள் எந்தத் தளத்துக்குப் போகிறீர்கள் என்பது தெரியாது. ஆனால் மாமாவுக்குத் தெரியும்!

மாமா நல்லவர்தானா? 2013இல் ஒனாவோ என்ற நிறுவனத்தை ஃபேஸ்புக் வாங்கியது. பாதுகாப்புத் தருவதாகச் சொன்ன அதன் இலவச விபிஎன் செயலி, மக்கள் எந்தெந்தச் செயலிகளைப் பயன்படுத்துகிறார்கள் என்று ஃபேஸ்புக்குக்குத் தெரிவித்துக்கொண்டிருந்தது. 2018இல் ஆப்பிளின் ஆப் ஸ்டோரிலிருந்து அது வெளியேற வேண்டியிருந்தது. 2016இல் ஆஸ்திரேலியாவின் சிஎஸ்ஐஆர்ஓ ஆராய்ச்சியாளர்களும் வேறு சிலரும் 283 ஆண்ட்ராய்டு விபிஎன் செயலிகளை ஆராய்ந்தார்கள். அவற்றில் 18 சதவீதம் தகவலைப் பூட்டாமலேயே அனுப்பின.

விபிஎன் வைரஸைப் பிடிக்காது என்பதும் நினைவிருக்கட்டும். நீங்கள் ஒரு கெட்ட ஃபைலைத் தரவிறக்கினால், அதுவும் பெரிய உறைக்குள் பத்திரமாக வந்து சேரும். வங்கித் தளத்துக்கும் விபிஎன்னுக்கும் பெரிதாகச் சம்பந்தமில்லை. முகவரியின் தொடக்கத்தில் எச்டிடிபிஎஸ் இருந்தால், உங்கள் கடவுச்சொல் ஏற்கெனவே சின்ன உறைக்குள்தான் போகிறது. அம்மாவோ அப்பாவோ வீட்டிலிருந்தே அலுவலகக் கணினியோடு இணைவதற்கு விபிஎன் நன்றாகப் பயன்படும். அதற்கு வேண்டியதை அலுவலகமே கொடுத்துவிடும். ரயில் நிலைய வைஃபையை அடிக்கடி பயன்படுத்தும் ஒருவர், நம்பகமான விபிஎன்னுக்குக் காசு கொடுப்பதிலும் நியாயம் இருக்கிறது. வீட்டு மேசையில் உட்கார்ந்து பாடம் படிக்க அது தேவையில்லை.

கடைசியாக, உங்களைத் தேடி வரும் ஆன்ட்டிவைரஸ் ஒன்று உண்டு. இணையத்தில் ஏதோ பார்த்துக்கொண்டிருக்கும்போது, “உங்கள் கணினியில் 5 வைரஸ்கள்! உடனே அழையுங்கள்” என்று திரை முழுக்கச் சிவப்பாக ஒரு பக்கம் விரியும், ஒலியும் எழும்பும். பயப்படாதீர்கள். ஓர் இணையப் பக்கத்தால் உங்கள் கணினியைச் சோதித்துப் பார்க்க முடியாது. அதற்கு அந்த அனுமதியே இல்லை. அதில் உள்ள எண்ணை அழைக்காதீர்கள், பொத்தான் எதையும் அழுத்தாதீர்கள், பக்கத்தை மூடிவிடுங்கள். மூட மறுத்தால் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பிரௌசரின் பெயரைத் தேர்ந்தெடுத்து ‘எண்ட் டாஸ்க்’ கொடுங்கள். வீட்டில் யாராவது ஏற்கெனவே அந்த எண்ணை அழைத்துப் பணம் அனுப்பியிருந்தால், தாமதிக்காமல் இணைய மோசடிப் புகாருக்கான 1930க்கு போன் செய்யச் சொல்லுங்கள்.