மறக்கப்பட்டோரை நினைத்தல்

சர்வதேச மன்னிப்புச் சபை என்னும் பெயர் நம்மில் சிலரை மயங்கச் செய்யக்கூடும். மன்னிப்பு என்றவுடன் பாவமன்னிப்பையே நாம் எண்ணுகிறோம். ஆனால் அச்சபையின் ஆங்கிலப் பெயருக்கு மூலமான கிரேக்கச் சொல் மறதியைக் குறிப்பதாகும். ஆட்சியாளர் தாம் சாட்டிய குற்றத்தை மறந்து கைதியை விடுவிக்க வேண்டும். அதுவரை மற்றவர்கள் அக்கைதியை மறவாதிருக்க வேண்டும். இதுவே அச்சபைப் பணியின் சாரம்.

1961 மே 28 திரித்துவ ஞாயிறன்று, பீட்டர் பெனன்சன் என்ற ஆங்கில வழக்கறிஞர், மறக்கப்பட்ட கைதிகளைக் குறித்து லண்டன் 'அப்சர்வர்' இதழில் ஒரு கட்டுரை எழுதினார். கம்யூனிச ஆட்சி அடைத்து வைத்த பிராகா பேராயர் பெரான், போர்ச்சுக்கீசிய ஆட்சி சிறைப்படுத்திய அங்கோலா கவிஞர் நெட்டோ, கறுப்பின மக்களின் உரிமைக்காக அமெரிக்காவில் சிறைசென்ற போதகர் ஆஷ்டன் ஜோன்ஸ் ஆகியோர் அதில் ஒருங்கே இடம்பெற்றனர். அவ்வேண்டுகோளிலிருந்தே சபை தோன்றியது. தொடக்கக் காலத்தில் ஒவ்வொரு சிறு குழுவும் மேற்குலகம், கம்யூனிச உலகம், மூன்றாம் உலகம் ஆகியவற்றிலிருந்து ஒவ்வொருவராக மூன்று கைதிகளை ஏற்று, ஆட்சியாளருக்கு இடைவிடாது கடிதம் எழுதியது. சார்பின்மையைக் காக்க இதனினும் எளிய வழி இல்லை. 1977இல் சபைக்கு நோபல் அமைதிப் பரிசு கிடைத்தது.

எனினும் ஓர் இடத்தில் நாம் நின்று சிந்திக்க வேண்டும். வன்முறையைக் கையாளாதவரையும் ஆதரிக்காதவரையுமே சபை 'மனச்சாட்சியின் கைதி' என்றழைத்தது. ஆகவே 1964இல் நெல்சன் மண்டேலாவுக்கு அப்பெயர் மறுக்கப்பட்டது. நேர்மையான விசாரணை எல்லாக் கைதிகளுக்கும் உரியது, சித்திரவதை எவருக்கும் ஆகாது என்பதைச் சபை வற்புறுத்தியதையும் நாம் மறத்தலாகாது. 2006இல் அச்சபையே மண்டேலாவுக்கு 'மனச்சாட்சியின் தூதர்' விருதை அளித்தது.

ஓர் இயக்கத்திற்கு இத்தகைய எல்லைக்கோடு தேவைப்படலாம். திருச்சபைக்கோ அது இல்லை. எபிரெயர் 13:3, கட்டப்பட்டிருப்பவர்களை நாமும் உடன் கட்டப்பட்டவர்களாக எண்ணி நினைக்கச் சொல்கிறது. அவர்கள் குற்றமற்றவர்களா என்று கேட்கவில்லை. மத்தேயு 25இல் காவலில் இருந்தவராகத் தம்மைக் கூறும் ஆண்டவரும் அங்கு வந்த காரணத்தைச் சொல்லவில்லை.

நம் ஆராதனைகளில் 'சிறைப்பட்டோருக்காக' என்று ஒரே சொல்லில் மன்றாடி முடிக்கிறோம். அச்சொல்லில் பெயரும் இல்லை, முகமும் இல்லை. ஞாயிறுதோறும் ஒரு கைதியையேனும் பெயர் சொல்லி மன்றாடுவோமாக. பெயர் சொல்லி மன்றாடியவருக்காகக் கடிதம் எழுதவும் நம் கை தயங்காது.