தூண்களில் ஏறிய ஊர்க்கதை

சுவர்ச் சித்திரம் அழகுக்கு மட்டுந்தானா? அமெரிக்காவின் சான் டியாகோ நகரில், மெக்சிகோ வம்சாவளித் தொழிலாளர்கள் வாழும் லோகன் வட்டாரத்தைப் பாருங்கள். நெடுஞ்சாலைக்காகவும், 1969இல் திறக்கப்பட்ட பெரிய பாலத்துக்காகவும் அங்கே பல வீடுகள் இடிக்கப்பட்டன. பாலத்தடியில் பூங்கா வேண்டுமென்று மக்கள் கேட்டிருந்தனர். ஆனால், காவல் நிலையம் கட்ட இயந்திரங்கள் வந்தன. 1970 ஏப்ரல் 22இல் ஊரார் பிள்ளைகுட்டிகளோடு நிலத்தில் இறங்கி வேலையை நிறுத்தினர். பூங்கா கிடைத்தது.

அவ்வட்டாரத்திலேயே வளர்ந்த ஓவியர் சால்வடோர் டோரஸ், பாலத்தின் தூண்களில் சித்திரம் தீட்டலாம் என்றார். 1973இல் பணி தொடங்கியது. ஊராரும் தூரிகை பிடித்தனர். முன்னோரும் உழைப்பாளர் போராட்டமும் தூண்களில் ஏறின. 2016இல் அப்பூங்கா தேசிய வரலாற்றுச் சின்னமாயிற்று.

தோட்டங்கள் கைமாறும் காலமிது. நம் பாட்டன் பாட்டி பால்மரம் சீவிய கதையை எந்தச் சுவரில் தீட்டப்போகிறோம்? யோசியுங்கள்.