காலூன்றி நின்றவர்கள்

நுழையும்முன்

யார் வென்றார், எத்தனை பதக்கம் பெற்றார் என்பவற்றைப் பட்டியல்கள் கூறும். எதனை இழந்த பின்னர் வென்றார் என்பதை வரலாறுதான் கூறும். மகளிர் தரைப்பயிற்சியில் முடிசூடிய சிலரின் வாழ்வை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

பன்னிரண்டு மீட்டர் நீளமும் அதே அகலமும் உடைய சதுரத் தளம். ஒன்றரை நிமிடத்திற்கு மிகாத இசை. தளத்தின் ஒரு மூலையில் தனித்து நிற்கும் ஒரு பெண். இவ்வளவே தரைப்பயிற்சி. ஜிம்னாஸ்டிக்ஸ் எனப்படும் சீருடற்பயிற்சியில் மகளிர்க்குரிய நான்கு பிரிவுகளுள் இது ஒன்று. ஏனைய மூன்றில் பற்றிச் சுழலக் கம்பிகளோ, கையூன்றிப் பாய மேசையோ, ஏறி நடக்க உத்திரமோ உண்டு. இதில் காலடித் தளமன்றி வேறு துணையில்லை. ஓடி வந்து வானில் கரணமிட்டுத் திருகிச் சுழன்று, தடுமாறாது காலூன்றி நிற்க வேண்டும். ஆடவர் தரைப்பயிற்சிக்கு இசை இல்லை. மகளிரோ சொற்கள் இடம்பெறாத இசைக்கு இயைந்து ஆட வேண்டும். ஆற்றலும் அழகும் ஒன்றுசேரும் களம் இது.

முதல் வெற்றியாளர்

ஒலிம்பிக்கில் மகளிர் தரைப்பயிற்சி தனிநபர் போட்டியாக இடம்பெற்றது 1952இல், ஹெல்சிங்கி நகரில். அதில் தங்கம் வென்றவர் ஹங்கேரியின் ஆக்னஸ் கெலெட்டி. அப்போது அவருக்கு வயது 31. புடாபெஸ்டில் யூதக் குடும்பமொன்றில் 1921இல் பிறந்த அவரது இளமையை இரண்டாம் உலகப்போர் விழுங்கியது. 1940, 1944 ஆகிய ஆண்டுகளின் ஒலிம்பிக் போட்டிகள் நடைபெறவில்லை. நாசிகளின் கொடுமைக்குத் தப்ப, வேறொரு பெண்ணின் அடையாளச் சான்றுகளுடன் பணிப்பெண்ணாக மறைந்து வாழ்ந்தார். அவருடைய தந்தை ஆஷ்விட்ஸ் வதைமுகாமில் உயிரிழந்தார். 1948இல் கணுக்கால் காயம் அவரைக் களமிறங்க விடவில்லை. இத்தனை தடைகளுக்கும் பின்னரே அந்த முதல் தங்கம் அவர் கைக்கு வந்தது.

1956இல் மெல்பர்னில் மீண்டும் தரைப்பயிற்சியில் முதலிடம் பெற்றபோது அவருக்கு வயது 35. ஆனால், அவ்விடத்தைச் சோவியத் வீராங்கனை லாரிசா லத்தினினாவுடன் பகிர்ந்துகொள்ள நேர்ந்தது. அதற்குச் சில வாரங்கள் முன்னர்தான் சோவியத் படைகள் ஹங்கேரி மக்களின் எழுச்சியை அடக்கியிருந்தன. கெலெட்டி தாயகம் திரும்பவில்லை. பின்னர் இஸ்ரேலில் குடியேறிப் பயிற்றுநராகப் பலரை உருவாக்கினார். 2025ஆம் ஆண்டின் தொடக்கத்தில், தம் 103ஆம் வயதில் மறைந்தார்.

அவருடன் பரிசு மேடையைப் பகிர்ந்த லத்தினினாவும் போரின் கொடுமையை அறிந்தவரே. உக்ரைனின் கெர்சோன் நகரில் பிறந்த அவர், ஸ்டாலின்கிராடு போரில் தந்தையை இழந்தவர். இளமையில் பாலே நடனம் பயின்றதால் அவரது தரைப்பயிற்சியில் நடனத்தின் நளினம் ஒளிர்ந்தது. 1956, 1960, 1964 என மூன்று ஒலிம்பிக்கிலும் இப்பிரிவில் தங்கம் வென்ற ஒரே பெண் அவரே. பகை நாடுகளின் கொடிகளுக்குக் கீழ் நின்ற இருவரும் ஒரே பேரழிவிலிருந்து எழுந்து வந்தவர்கள் என்பது எண்ணத்தக்கது.

குனிந்த தலையின் பொருள்

1968இல் செக்கோஸ்லோவாகியாவின் வேரா சாஸ்லாவ்ஸ்கா உலகின் தலைசிறந்த சீருடற்பயிற்சி வீராங்கனையாகத் திகழ்ந்தார். தம் நாட்டில் மக்களாட்சிச் சீர்திருத்தம் வேண்டி எழுந்த அறிக்கையில் அவரும் கையொப்பமிட்டிருந்தார். அவ்வாண்டு ஆகஸ்டில் சோவியத் தலைமையிலான படைகள் நாட்டினுள் நுழைந்தன. கைதுக்கு அஞ்சி மலைப்பகுதியில் மறைந்திருந்த அவர், மரக்கிளைகளில் தொங்கியும் உருளைக்கிழங்கு மூட்டைகளைத் தூக்கியும் உடல்வலிமையைக் காத்துக்கொண்டார்.

மெக்சிகோ ஒலிம்பிக்கில் அந்நாட்டு மக்களின் தொப்பி நடன இசைக்கு அவர் ஆடினார். அரங்கம் ஆர்ப்பரித்தது. எனினும் சோவியத் வீராங்கனை லாரிசா பெட்ரிக்கின் முதற்சுற்று மதிப்பெண் பின்னர் உயர்த்தப்பட்டதால் தங்கம் இருவருக்கும் பொதுவாயிற்று. சோவியத் நாட்டுப்பண் ஒலித்தபோது சாஸ்லாவ்ஸ்கா முகத்தைத் திருப்பித் தலை குனிந்து நின்றார். ஒரு சொல்லும் பேசாத அந்த எதிர்ப்பிற்கு அவர் பெருவிலை கொடுத்தார். பல ஆண்டுகள் அவருக்கு விளையாட்டுத்துறையில் பணி மறுக்கப்பட்டது. 1989இல் ஆட்சி மாறிய பின்னரே அவருக்குரிய மதிப்பு மீண்டது. குடியரசுத் தலைவரின் ஆலோசகராகவும் தேசிய ஒலிம்பிக் குழுவின் தலைவராகவும் பொறுப்பேற்றார்.

பத்தும் பத்துக்கு அப்பாலும்

1956 முதல் 1980 வரை நடந்த ஏழு ஒலிம்பிக்கிலும் இப்பிரிவின் தங்கத்தைச் சோவியத் வீராங்கனையர் தனித்தோ பகிர்ந்தோ வென்றனர். 1972இல் ஓல்கா கோர்புட் வென்றார். 1976இல் நெல்லி கிம் முழு மதிப்பெண்ணான பத்தைப் பெற்று வென்றார். 1980இல் கிம்முடன் தங்கத்தைப் பகிர்ந்த நாடியா கொமனேச்சி, ருமேனியாவின் வெற்றிப் பயணத்தைத் தொடங்கிவைத்தார். பின்னர் 1984, 1988, 1992, 2004, 2008 ஆகிய ஆண்டுகளிலும் தங்கம் அந்நாட்டிற்கே சென்றது. 2012இல் வென்ற அலி ரைஸ்மன், தரைப்பயிற்சியில் ஒலிம்பிக் தங்கம் பெற்ற முதல் அமெரிக்கப் பெண். அணி மருத்துவர் ஒருவர் தமக்கும் பலருக்கும் இழைத்த பாலியல் கொடுமையை 2018இல் நீதிமன்றத்தில் அவர் துணிந்து எடுத்துரைத்தார். களத்தில் காட்டிய உறுதியைவிட அவ்வுறுதி பெரிது.

தெரிந்து தெளிவோம்

2006ஆம் ஆண்டு முதல் பத்து என்னும் உச்சவரம்பு நீங்கியது. பயிற்சியின் கடினத்திற்கு ஒரு மதிப்பெண்ணும், பத்துக்குக் கணக்கிடப்படும் செய்நேர்த்திக்கு ஒரு மதிப்பெண்ணும் தந்து கூட்டுகின்றனர். இரு கால்களும் எல்லைக்கோட்டைத் தாண்டினால் 0.3 மதிப்பெண் குறையும்.

வணங்கியவர்கள்

2016இல் தங்கம் வென்ற சிமோன் பைல்ஸ், 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் வானில் சுழலும்போது திசையுணர்வை இழந்தார். தவறி விழுந்தால் உயிருக்கே ஊறு நேரலாம். எனவே தரைப்பயிற்சி இறுதிப்போட்டியிலிருந்து விலகினார். விலகுவதற்கும் துணிவு வேண்டும் என்பதை உலகம் அன்று உணர்ந்தது.

2024இல் பாரிஸில் அவர் மீண்டும் களம் கண்டார். இருமுறை எல்லைக்கோட்டைத் தாண்டியதால் 14.133 மதிப்பெண்ணே பெற்றார். 14.166 பெற்றுத் தங்கம் வென்றவர் பிரேசிலின் ரெபேகா ஆன்ட்ராடே. வலது முழங்காலின் தசைநார் மும்முறை கிழிந்து, மும்முறையும் அறுவை மருத்துவம் செய்துகொண்டவர் அவர். பரிசு மேடையில் பைல்ஸும் அவருடைய அணித்தோழி ஜோர்டன் சைல்ஸும் ஆன்ட்ராடேவை நோக்கித் தலைவணங்கினர். மூன்றாம் இடம் குறித்துப் பின்னர் வழக்கு எழுந்தது. ஆயினும் அவ்வணக்கத்தின் மாண்பு குறையவில்லை.

1968இல் ஒரு தலை அநீதியை எதிர்த்துக் குனிந்தது. 2024இல் இரு தலைகள் தகுதியைப் போற்றிக் குனிந்தன. நாடும் உறவும் உடல்நலமும் கைவிட்ட வேளையிலும் காலூன்ற ஓர் இடம் தேடிக்கொண்டவர்களின் வரலாறே இது. அதனால்தான் அவர்தம் ஒன்றரை நிமிட ஆட்டம் தலைமுறைகள் கடந்தும் நினைக்கப்படுகிறது.

கற்பவை கற்றபின்

1. சாஸ்லாவ்ஸ்காவின் அமைதியான எதிர்ப்பு, பைல்ஸின் விலகல் ஆகிய இரண்டில் எதற்கு மிகுந்த துணிவு வேண்டும்? வகுப்பறையில் கலந்துரையாடுக.
2. தோற்றவர் வென்றவரைப் போற்றிய நிகழ்வு ஒன்றை உங்கள் பள்ளி விளையாட்டு விழாவிலிருந்து எடுத்து ஒரு பக்க அளவில் எழுதுக.