மோட்டார் வண்டிச் சக்கர ஆணிகளின் மரையைச் செப்பனிடுதல்

கட்டை வண்டிக்குக் கடையாணி எத்துணை அவசியமோ, மோட்டார் வண்டிக்குச் சக்கரத்தைப் பிணைக்கும் ஆணிகள் அத்துணை அவசியம். ஸ்டட்டு என வழங்கும் இவ்வாணிகள், சிறு கார்களில் பெரும்பாலும் சக்கரத்துக்கு 4 அல்லது 5 இருக்கும். இவற்றின் மரை கெட்டால் வீட்டிலேயே செய்யத்தக்கது யாது, தகாதது யாது என்பதைக் கார் வைத்திருக்கும் குடியானவர்களும் கிராம அதிகாரிகளும் அறிந்திருத்தல் நலம்.

நட்டை இறுக்கும்போது ஆணி மிகச் சிறிதளவு நீண்டு, சக்கரத்தை ஹப்புடன் சேர்த்து இழுத்துப் பிடிக்கிறது. அப்பிடிப்பினால் உண்டாகும் உராய்வே பாரத்தைத் தாங்குகிறது. மரை கெட்டிருந்தால், நாம் இடும் பலம் மரையிலேயே வீணாகும்; கைக்கு இறுக்கமாகத் தோன்றினும் பிடிப்பு இராது. சக்கரம் ஆடத் தொடங்கினால் மற்ற ஆணிகளும் ஒடிந்து, ஓட்டத்தில் சக்கரம் கழன்றுவிடக் கூடும்.

மரை கெடுவதற்குக் காரணங்கள்

நட்டைக் கோணலாகப் பொருத்தித் திருகுதல், ஸ்பானர்மேல் ஏறி நின்று மிதமிஞ்சி இறுக்குதல், சக்கரத்தை மாட்டுகையில் ஆணிமுனையில் இடித்தல், துரு ஆகியவை முக்கியமானவை. 1940-களில் செய்யப்பட்ட வில்லிஸ் ஜீப்பில் இடப்பக்கச் சக்கரங்களின் மரை இடஞ்சுழியாக அமைந்தது. அத்தகைய பழைய வண்டியுடையோர் சுழலும் திசையை அறிந்த பின்னரே ஸ்பானரைத் தொடுதல் வேண்டும்.

சோதிக்கும் விதம்

சமதரையில் வண்டியை நிறுத்தி, மற்றச் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, நட்டுக்களைச் சற்றுத் தளர்த்திய பின் ஜாக்கியால் உயர்த்தித் தாங்கியின்மேல் நிறுத்துக. சக்கரத்தைக் கழற்றி, ஆணியைக் கம்பிப் பிரஷ்ஷால் துலக்குக. அதே அளவுள்ள புதிய போல்ட்டின் மரையை ஆணியின் மரையோடு பக்கவாட்டில் பொருத்திப் பார்க்க வேண்டும். பற்கள் முழு நீளமும் படியாவிடின் ஆணி நீண்டுவிட்டது எனக் கொள்க. நீண்டதும், இடை சிறுத்ததும், வெடிப்புள்ளதும், பற்கள் உதிர்ந்ததும், நட்டோடு சேர்ந்து சுழல்வதுமான ஆணிகளைச் செப்பனிடலாகாது. மாற்றியே தீர வேண்டும்.

செப்பனிடும் முறை

முனையில் ஓரிரு சுற்றுகள் மட்டும் நசுங்கியிருந்தால் அவற்றை நிமிர்த்தலாம். மரையின் பள்ளம் 60 பாகைக் கோணமுள்ளது. முக்கோண அரத்தின் விளிம்பும் அதுவே. ஆகையால் அவ்வரத்தால் பள்ளத்தின் போக்கிலேயே மெல்ல இழைக்கலாம். வேறொரு வழியும் உண்டு. அதே அளவுள்ள சாதாரண நட்டை இரு துண்டாக அறுத்து, ஆணியின் அடியிலுள்ள கெடாத மரைமேல் அணைத்து, இடுக்கியால் பிடித்துச் சிறிது எண்ணெயிட்டு வெளிப்புறமாகத் திருகிக்கொண்டு வருக. நல்ல மரையே வழிகாட்டுவதால் கோணல் நேராது. மரை வெட்டும் டையை உபயோகிப்பது உசிதமன்று. அது சற்றுப் பிசகினும் நல்ல இரும்பையும் சீவிவிடும். மரையின் அளவு வண்டிக்கு வண்டி மாறும். 12 மில்லிமீட்டர் ஆணியிலேயே 1.25, 1.5 மில்லிமீட்டர் என இருவகை இடைவெளிகள் உள. ஒன்றன் நட்டை மற்றதில் திணித்தல் கூடாது.

முடிவில் எண்ணெயைத் துடைத்துவிடுக. பிரேக்கில் எண்ணெய் படலாகாது. புது நட்டு விரல்களாலேயே கடைசிவரை ஓடினால்தான் வேலை முடிந்தது என்று பொருள். பழைய நட்டின் மரையும் கெட்டிருக்குமாதலால் அதனை நீக்கிவிடுவதே சிக்கனம்.

மாட்டும்போது

நட்டுக்களை முதலில் விரலால் ஏற்றி, எதிரெதிராகச் சிறிது சிறிதாக இறுக்குக. சிறு கார்களுக்குப் பெரும்பாலும் 80 முதல் 120 நியூட்டன் மீட்டர் இறுக்கம் போதுமானது. வண்டியின் கைப்புத்தகத்தில் கண்ட அளவே பிரமாணம். 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியபின் மீண்டும் சோதிக்க வேண்டும்.

ஆணி மாற்றும் வேலையைப் பட்டறைக்கு விடுதலே நன்று; வீட்டில் சம்மட்டியால் அடித்தால் சக்கரத்தின் பேரிங் கெடலாம். ஓர் ஆணியின் விலை அற்பம். அது குறைந்திருக்க, மூட்டையையும் குடும்பத்தையும் ஏற்றிச் செல்வது எவருக்கும் தகாது.