ஹிட் வேண்டாம், ஆளை விடுங்க!

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒருத்தருக்கு ப்ரமோஷன் ஆர்டர் ரெடியாகும் நேரத்தில், அவர் ராஜினாமா கடிதத்தை நீட்டினால் என்ன சொல்வோம்? 'மறை கழண்ட கேஸ்!'

1965 மார்ச்சில் லண்டனில் எரிக் கிளாப்டன் அதைத்தான் செய்தார். இருபது வயசுகூட முடியவில்லை. 'யார்ட்பேர்ட்ஸ்' குழுவின் கிடாரிஸ்ட். அமெரிக்கக் கறுப்பினத்தவரின் ப்ளூஸ் இசைதான் அவருக்கு உயிர். ஆனால், குழுவின் முதல் இரண்டு ப்ளூஸ் ரெக்கார்டுகளும் சரியாகப் போணியாகவில்லை. மூன்றாவதாக வந்த 'ஃபார் யுவர் லவ்' பக்கா பாப்! கிளாப்டன் கும்பிடு போட்டுக் கிளம்பிவிட்டார். பாட்டு பிரிட்டனில் 3-வது இடம், அமெரிக்காவில் 6-வது இடம்!

அப்போ அவர் ஏமாளியா? அதுதான் இல்லை. ஜான் மேயாலுடன் சேர்ந்து 1966-ல் அவர் வாசித்த ப்ளூஸ் ஆல்பம் பிரிட்டனில் 6-வது இடம் பிடித்தது.

சரி, பாப்புக்குத் தாவியவர்கள்? அடுத்த பாட்டுக்கு நம்ம சித்தாரையே வரவழைத்துப் பார்த்தார்கள். சரிப்படவில்லை. புதிதாகச் சேர்ந்த ஜெஃப் பெக், கிடாரிலேயே சித்தார் நாதத்தைக் கொண்டுவந்தார். 'ஹார்ட் ஃபுல் ஆஃப் சோல்' என்ற அந்தப் பாட்டும் ஹிட்!

ஆக, போனவரும் ஜெயித்தார், இருந்தவர்களும் ஜெயித்தார்கள். ஒன்று மட்டும் கவனிங்க சார்... கிளாப்டன் வெளியே வந்தபோது கையில் கிடார் இருந்தது. நம்ம கையில் என்ன இருக்கு? அதைப் பார்த்துக்கொண்டு கடிதம் எழுதலாம். அதுவரை, ஆவடி லோக்கலைத் தவறவிட வேண்டாம்!