ஒரு பாட்டு முணுமுணுக்குது... அடுத்தது அலறுதா? பாட்டைக் கெடுக்காமல் சத்தத்தைச் சமப்படுத்தலாம்!

ராத்திரி பத்தரை மணி. வீட்டில் எல்லோரும் தூங்கிவிட்டார்கள். காதில் ஹெட்போன். 80-களின் மெலடி ஒன்று மெதுவாக ஓடுகிறது. வீணை சரியாகக் கேட்கவில்லை என்று வால்யூமை நாலு புள்ளி கூட்டுகிறீர்கள். பாட்டு முடிகிறது. அடுத்து வருவது சமீபத்திய குத்துப்பாட்டு. முதல் அடியிலேயே காது அதிர்ந்து, பதறிப்போய் ஹெட்போனைக் கழற்றுகிறீர்கள்.

பாட்டுகளைச் சேர்த்து வைத்திருக்கும் யாருக்கும் இது புதிதில்லை. சிடி-க்களை எல்லாம் 'ஃபிளாக்' ஃபைல்களாக மாற்றிப் பாதுகாப்பவர்களும் இதிலிருந்து தப்புவதில்லை. ஃபிளாக் என்பது சிடி-யில் உள்ள ஒலியைத் துளியும் இழக்காமல் சுருக்கி வைக்கும் வடிவம். சிடி மெதுவாகப் பதிவாகியிருந்தால் ஃபைலும் மெதுவாகத்தான் ஒலிக்கும். சிடி அலறினால் ஃபைலும் அலறும்.

ஏன் இந்த வித்தியாசம்?

டிஜிட்டல் ஒலிக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. அதைத் தாண்டிப் பதிவு செய்ய முடியாது. ஆரம்பகால சிடி-க்களில் பெரும்பாலும் அந்த வரம்புக்குக் கீழே நிறைய இடம் விட்டிருப்பார்கள். மெல்லிய இடம் மெல்லியதாக இருக்கும், மிருதங்க அடி தனியாக எழும்பும். 90-களில் 'நம்ம பாட்டுதான் சத்தமா கேட்கணும்' என்ற போட்டி சூடுபிடித்தது. உச்சங்களை நசுக்கி, மொத்தப் பாட்டையும் வரம்பை ஒட்டித் தூக்கிவிட்டார்கள். இசை உலகில் இதற்கு 'லவுட்னஸ் வார்' என்றே பெயர்.

2008-ல் மெட்டாலிகா இசைக்குழுவின் 'டெத் மேக்னடிக்' ஆல்பம் வந்தபோது, ஒலி பிசிறடிக்கிறது என்று ரசிகர்களே கொந்தளித்தார்கள். அதே பாட்டுகள் 'கிட்டார் ஹீரோ' வீடியோ கேமில் அந்த அளவுக்கு நசுக்கப்படாமல் வந்திருந்தன. இரண்டையும் ஒப்பிட்டுக் கேட்டபோதுதான் பலருக்கும் விஷயம் புரிந்தது.

அவசரத்தில் செய்யும் தப்பு

சத்தத்தைச் சரிசெய்ய நினைக்கும் பலரும் முதலில் திறப்பது எடிட்டிங் சாஃப்ட்வேரைத்தான். அதில் 'நார்மலைஸ்' கொடுத்து, பழைய ஃபைலின் மேலேயே சேவ் செய்துவிடுகிறார்கள். வழக்கமான நார்மலைஸ் பாட்டின் உச்சத்தை மட்டும்தான் பார்க்கும். ஒரே ஒரு டிரம் அடி உச்சத்தைத் தொட்டிருந்தால், மீதிப் பாட்டு எவ்வளவு மெதுவாக இருந்தாலும் அதற்கு மேல் தூக்காது. அதனால் பிரச்னை தீராது.

அடுத்த கட்டமாக 'கம்ப்ரஸர்' போட்டு நசுக்கி சேவ் செய்தால், மூல ஒலி போனது போனதுதான். அப்பா காலத்து கேசட்டிலிருந்து மாற்றிய பாட்டு என்றால்? கேசட்டில் பூஞ்சை பிடித்து எப்போதோ குப்பைக்குப் போயிருக்கும். அந்த ஃபைல்தான் மிஞ்சியிருக்கும் ஒரே பிரதி.

சீட்டு ஒட்டினால் போதும்

ஊறுகாய் ஜாடியைத் திறக்காமலே, 'காரம் அதிகம்' என்று வெளியே சீட்டு ஒட்டுவதில்லையா? 'ரீப்ளே கெய்ன்' செய்வதும் அதேதான். 2001-ல் டேவிட் ராபின்சன் என்பவர் முன்வைத்த முறை இது.

சாஃப்ட்வேர் பாட்டை முழுவதுமாக அலசி, மனிதக் காதுக்கு அது எவ்வளவு சத்தமாகத் தெரியும் என்று கணக்கிடும். பிறகு 'இதை 9 டெசிபல் குறைத்துப் போடு', 'இதை 2 டெசிபல் கூட்டிப் போடு' என்று ஃபைலில் ஒரு குறிப்பை மட்டும் எழுதி வைக்கும். பாட்டு ஓடும்போது பிளேயர் அந்தக் குறிப்பைப் படித்து வால்யூமை மாற்றிக்கொள்ளும். பிடிக்கவில்லையா? ஆஃப் செய்துவிட்டால் பழைய பாட்டு அப்படியே இருக்கும். ஃபிளாக் ஃபைலுக்குள் ஒலியைச் சரிபார்க்க 'எம்டி5' என்ற ஓர் அடையாள எண் உண்டு. குறிப்பு எழுதிய பிறகும் அந்த எண் மாறாது. ஒலியைத் தொடவில்லை என்பதற்கு அதுவே சாட்சி.

பாட்டா, ஆல்பமா?

இதில் இரண்டு வகை உண்டு. 'டிராக் கெய்ன்' ஒவ்வொரு பாட்டையும் தனித்தனியாகச் சமப்படுத்தும். பல படப் பாட்டுகளைக் கலந்து கேட்பவர்களுக்கு இதுதான் சரி.

கர்நாடகக் கச்சேரி ஆல்பத்துக்கு இது ஒத்துவராது. மெல்லத் தொடங்கும் ஆலாபனையும் தனி ஆவர்த்தனமும் ஒரே சத்தத்தில் கேட்டால் கச்சேரியின் ஏற்ற இறக்கமே போய்விடும். அங்கே 'ஆல்பம் கெய்ன்' தேர்வு செய்ய வேண்டும். அது மொத்த ஆல்பத்தையும் ஒரே அளவில் கூட்டும் அல்லது குறைக்கும். உள்ளே இருக்கும் மேடு பள்ளம் மாறாது.

எப்படிச் செய்வது?

* கம்ப்யூட்டரில் ஃபூபார்2000 போன்ற இலவச பிளேயரில் பாட்டுகளைத் தேர்வு செய்து, ரைட் கிளிக் செய்து, ரீப்ளே கெய்ன் ஸ்கேன் கொடுங்கள். ஆல்பம் பெயர்கள் சரியாக இருக்கின்றனவா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

* அந்த ஃபைல்களை போனுக்கு மாற்றிய பிறகு, பவர்ஆம்ப் போன்ற ஆப்பின் செட்டிங்ஸில் ரீப்ளே கெய்னை ஆன் செய்யுங்கள். ஆன் செய்யாவிட்டால் குறிப்பு இருந்தும் பயனில்லை.

* 'கிளிப்பிங்' தடுக்கும் வசதி இருந்தால் அதையும் ஆன் செய்யுங்கள். மெதுவான பாட்டைக் கூட்டும்போது ஒலி பிசிறாமல் இது காக்கும்.

ஆன் செய்ததும் புதுப் பாட்டுகள் சத்தம் குறைந்து, 'டல்' அடிப்பது போலத் தோன்றும். பயப்பட வேண்டாம், தரம் குறையவில்லை. ஒருமுறை வால்யூமைக் கூட்டி வைத்தால் போதும். அதன்பிறகு பாட்டுக்குப் பாட்டு கை வைக்க வேண்டியதில்லை.

காதுக்கும் நல்லது

வாரத்துக்கு 80 டெசிபல் அளவில் 40 மணி நேரம் வரை கேட்கலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதுவே 90 டெசிபல் என்றால் 4 மணி நேரம்தான். வெறும் 10 டெசிபல் கூடினாலே நேரம் பத்தில் ஒரு பங்காகிறது. மெதுவான பாட்டுக்காகக் கூட்டிய வால்யூமை அடுத்த பாட்டுக்குக் குறைக்க மறந்தால் பாதிக்கப்படுவது காதுதான்.

ஸ்கேன் செய்ய ஆகும் நேரம் பெரும்பாலும் சில நிமிடங்கள். இன்று ஒரே ஓர் ஆல்பத்தில் செய்து பாருங்கள். நாளை ராத்திரி ஹெட்போனைக் கழற்றாமல் அடுத்த பாட்டுக்குப் போவீர்கள்!